ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் பந்தயம்: 1845 முதல் ஒரே பாதையா?

தேம்ஸ்கரை:
"இந்தப் பந்தயம் 1845 முதல் ஒரே பாதையில்தான் நடக்கிறது" என்று நேற்று வேறொரு திரியில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. வழக்கமாக லண்டனில், தேம்ஸ் ஆற்றில், புட்னியில் கிளம்பி மோர்ட்லேக்கில் முடிப்பார்கள். ஆனால் 1846, 1856, 1863 மூன்று ஆண்டுகளும் மோர்ட்லேக்கில் கிளம்பிப் புட்னியில் முடித்தார்கள். தலைகீழ்! அது எப்படி ஒரே பாதை?

ஓடக்காரன்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாமே சார். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனாலும், திரும்பி வந்தாலும் ரோடு ஒன்றுதானே?

தேம்ஸ்கரை:
ரோடு நகராது, தண்ணீர் நகரும். புட்னியில் கடல்நீர் ஏறும்போது நான் நின்று பார்த்திருக்கிறேன். தொடக்கக் கல்லில் யு.பி.ஆர். (யுனிவர்சிட்டி போட் ரேஸ்) என்று செதுக்கியிருக்கும். அதற்குக் கொஞ்ச தூரத்தில் கரைச்சாலை வரைக்கும் தண்ணீர் வந்து, நிறுத்தியிருந்த காரின் டயரை நனைத்தது. இப்போது அந்த ஏற்றத்தோடுதான் மேல்நோக்கிப் போகிறார்கள். அந்த மூன்று ஆண்டும் வற்றும் நீரோடு கீழே வந்தார்கள். வளைவுகள் வரும் வரிசையே மாறிவிடுமே! காசு சுண்டிப் பார்த்து எந்தக் கரைப் பக்கம் என்று எடுப்பதே அந்த வளைவுகளுக்காகத்தான்.

பழையஏடு:
நண்பர்களே, முதல் பந்தயம் 1829-ல் ஹென்லியில், ஹாம்பிள்டன் லாக்கிலிருந்து (படகுகளை ஏற்றி இறக்கும் மதகு) ஹென்லிப் பாலம் வரை. 1836-ல் வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து புட்னிக்கு, ஐந்தே முக்கால் மைல். அங்கே நெரிசல் தாங்காமல்தான் 1845-ல் புட்னி–மோர்ட்லேக் வந்தது. பெரிய மாற்றம் அதுதான்.

தேம்ஸ்கரை:
நான் கேட்டது 1845-க்கு அப்புறம். 1846, 1856, 1863. பதில் எங்கே?

ஓடக்காரன்:
4 மைல் 374 கஜம். எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் அதுதான் வரும். போன மாதம் கிரிக்கெட் திரியிலும் இப்படித்தான் ஒரே ஓவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

தேம்ஸ்கரை:
அந்த ஓவரிலும் நான் சொன்னதுதான் சரி. 2021-ல் ஏலியில் கிரேட் ஊஸ் ஆற்றில் நடந்ததே, அதுவும் அதே பாதையா?

ஓடக்காரன்:
கொரோனா, அதோடு பந்தயப் பாதையில் இருக்கும் ஹாமர்ஸ்மித் பாலத்தில் விரிசல். வேறு வழியில்லாமல் போனார்கள். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கயல்:
பெண்கள் பந்தயம் 1927-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் இந்தப் பாதைக்கு வந்தது 2015-ல்தான். 1845 முதல் என்று எழுதும்போது அவர்கள் நினைவுக்கே வரவில்லையா அண்ணா?

ஓடக்காரன்:
தங்கச்சி, அது தனித் திரி.

கயல்:
எப்போதும் தனித் திரிதான். அங்கே எழுதினால் ஒருவரும் வர மாட்டீர்கள்.

பழையஏடு:
இருவருமே பெரிய மாற்றத்தை விட்டுவிட்டு...

தேம்ஸ்கரை:
பழையஏடு சார், குறுக்கே வராதீர்கள். ஓடக்காரன், மூன்று ஆண்டு கேட்டேன், மூன்றுக்கும் பதில் வேண்டும். 1846-ல் எங்கே கிளம்பினார்கள்?

ஓடக்காரன்:
அதே ஆற்றில்.