வெந்நீரில் கெட்டிப்படும் கம்பளிக்கு என்ன பெயர்?

கொடைக்கானலிலிருந்து:
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கே மகளிர் குழுவுக்குப் பழைய ஸ்வெட்டர்களில் கையுறை, குல்லா, தோள்பை தைக்கக் கற்றுக்கொடுக்கிறோம். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன்.

பின்னல் துணியை அப்படியே வெட்டினால் கண்ணி கழன்று நூல் பிரிந்து ஓடும். அதனால் முதலில் சோப்பு கலந்த வெந்நீரில் போட்டு நன்றாகக் கசக்குகிறோம். கம்பளி இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, துணி சுருங்கித் தடிக்கும். பின்னலே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் எங்கே வெட்டினாலும் ஓரம் அட்டை போல நிற்கும். அக்ரிலிக் ஸ்வெட்டரில் இது நடக்காது, அது வேறு பாடம்.

இதை ஆங்கிலத்தில் ‘ஃபுல்லிங்’ என்கிறார்கள். வகுப்பில் ‘சுருக்குதல்’ என்று சொன்னேன். பாவாடைக்குச் சுருக்கு வைப்பதையே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
அம்மா, ‘செறிமடி’ என்று வையுங்கள். மடி என்றால் துணி. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதியை, அதாவது துணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது ‘நூலினும் மயிரினும் நுழைநூற் பட்டினும்’ என்று தொடங்கி ‘நறுமடி செறிந்த’ என்று வருகிறது. மயிர் என்பது அங்கே விலங்கு மயிரால் நெய்த துணி. ஆகவே இரண்டு சொல்லும் ஒரே அடியில் கிடைக்கின்றன. வினைத்தொகை என்பதால் சந்திச் சிக்கலும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து:
ஐயா, அங்கே செறிந்தது துணியின் இழை அல்ல, கடையில் அடுக்கிய துணிக்கட்டுகள். ஆனால் மயிர் என்ற சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. கம்பளி வடசொல் வழி வந்தது. ‘செறிமயிர்’ என்றே வைக்கலாமே? மேல்நாட்டில் இதை ஒரு காலத்தில் காலால் மிதித்தே செய்தார்கள் என்பதால் ‘மிதிமயிர்’ கூடப் பொருந்தும்.

கோத்தகிரியிலிருந்து:
தோழர், மயிர் பழந்தமிழில் எவ்வளவு உயர்ந்த சொல்லாக இருந்தாலும், இன்று அந்தப் பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். சொல்லக் கூசும் சொல் பாடத்தில் நிற்காது. ‘மிதி’ என்றால் மிதியடிதான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் தலைமுடி ஒட்டிக்கொண்டால் ‘சடை பிடிச்சிருச்சு’ என்பார்கள். இங்கே நடப்பதும் அதுதானே? ‘சடைக்கம்பளி’ என்று சொல்லிப் பாருங்கள்.

பேச்சோடு பேச்சாக ஒன்று. தோடர் பூத்தையலும் கம்பளி நூலால்தான். ஆனால் அது பருத்தித் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் வேலை. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் ‘பின்னல்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நெய்தது வேறு, பின்னியது வேறு, பூத்தையல் வேறு.

கோயம்புத்தூரிலிருந்து:
சடையும் ‘ஜடா’தானே, தோழர்?

கொடைக்கானலிலிருந்து:
மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்கள். அந்த மாதிரி மெல்லிய கம்பளியைப் நூற்காமலும் பின்னாமலும், இழையாகவே வெந்நீரில் தேய்த்துத் துணியாக்க முடியும். அது ‘ஃபெல்டிங்’. சடை என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும் என்று படுகிறது. எனக்கு வேண்டியது பின்னிய பிறகு செய்வதற்கான பெயர்.

வகுப்பிலேயே ஒரு சொல் இருக்கிறது. வாளியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரின் கையை இழுத்துப் பார்த்து ஒருவர் ‘கெட்டிப்பட்டுப் போச்சுக்கா’ என்றார். கெட்டிப்படு, கெட்டிப்படுத்து என்று தன்வினை பிறவினை இரண்டும் கிடைக்கின்றன. தெரியாமல் வெந்நீரில் போட்டுச் சுருங்கிப்போனது ஒன்று, நாமே வேண்டுமென்று செய்வது இன்னொன்று. ‘கம்பளியைக் கெட்டிப்படுத்தவும்’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். அப்படிக் கிடைக்கும் துணிக்குக் ‘கெட்டிக்கம்பளி’ என்றே பெயர் வைக்கலாம்.

கோத்தகிரியிலிருந்து:
சரி, கெட்டிக்கம்பளிக்கே என் வாக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:
நாள் நெருங்கிவிட்டது, மறுப்பு இல்லை. கம்பளியை மட்டும் பிறகு பேசுவோம்.

தஞ்சாவூரிலிருந்து:
அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கமாட்டேன். வினைக்குக் ‘கெட்டிப்படுத்து’ நல்ல சொல்தான். பெயர்ச்சொல்லாகக் ‘கெட்டிக்கம்பளி’ என்றால் கடைக்காரர் தடித்த போர்வையைத்தான் எடுத்துப்போடுவார். என் ஓட்டு செறிமடிக்கே. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.