மறு: ‘கிளிப்பிங்’ என்பதற்குத் தலைதட்டல் சரியாக வருமா?

அன்புடையீர், வணக்கம்.

வீட்டு ஒலிப்பதிவுக் கையேட்டுக்காக நாம் தேடிவரும் சொற்களில், ‘கிளிப்பிங்’ (ஒலி பதிவின் எல்லையை மீறும்போது அலையின் உச்சி தட்டையாகிவிடும் கோளாறு) என்பதற்கு வெட்டு, கத்தரிப்பு, மழுங்கல், முகடறுதல் என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்ல வருகிறேன். அதற்கு முன், இந்தக் கோளாறுக்குத் தனிப்பெயர் இல்லாததால் நானே பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் என் பெரியம்மா பாடிய தாலாட்டை வீட்டு அறையிலேயே பதிவு செய்தேன். ஒத்திகையில் அவர் முணுமுணுத்த அளவுக்கு ஏற்ப, மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடவில்லை. மூன்றாம் அடியில் அவர் குரலை உயர்த்தியதும் பதிவு கரகரத்தது. ஒரு நண்பருக்கு அனுப்பி, ‘இரைச்சல் வருகிறது’ என்று எழுதினேன். இரைச்சல் என்று நான் சொன்னதால் அவரும் இரைச்சல் நீக்கியை ஓட்டச் சொன்னார். ஓட்டியதில் மின்விசிறியின் ஓசை போயிற்று, கூடவே பெரியம்மாவின் மூச்சும் கொஞ்சம் போயிற்று. கரகரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக, அதாவது மாதிரிகளாக, எடுக்கும் பதிவில், 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஓர் அலைக்கு ஏறக்குறைய நூறு மாதிரிகள் கிடைக்கும். அவற்றுள் உச்சியில் இருந்த ஒன்பது மாதிரிகள் ஒரே எண்ணாக, 32,767 என்றே பதிவாகியிருந்தன. 16 பிட் கோப்பில் அதற்கு மேல் எழுத எண் கிடையாது. கீழ்ப்பக்கத்தில் −32,768 தான் எல்லை. வளைந்து ஏறி இறங்க வேண்டிய இடம் மேசைப் பலகை போலத் தட்டையாக நின்றது. இப்படி இரு பக்கமும் சமமாகத் தட்டையானால், 440 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 1,320, 2,200 என ஒற்றைப்படை மடங்குகளும் புதிதாகச் சேர்ந்துகொள்கின்றன. காதில் கரகரப்பாக விழுவது அதுதான். மின்விசிறி ஓசையும் 50 ஹெர்ட்ஸ் மின்சார முரலும் குரலின்மேல் வந்து சேர்ந்தவை. அவற்றை ஓரளவு கழிக்கலாம். இங்கே குரலின் உச்சியே பதிவாகவில்லை. பிறகு ஒலியளவைக் குறைத்தாலும் தட்டை சிறிய தட்டையாகுமே தவிர, வளைவு திரும்பி வராது. சரிசெய்யும் மென்பொருள்கள் அண்டையில் உள்ள மாதிரிகளைக் கொண்டு உச்சியை ஊகித்து வரைகின்றன, அவ்வளவே.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘வெட்டு’ தொகுப்புப் பணியில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘மூன்றாம் அடியில் வெட்டு இருக்கிறது’ என்றால் யாரோ அந்த இடத்தை நறுக்கி ஒட்டியிருக்கிறார்கள் என்றே தொகுப்பவர் நினைப்பார். கத்தரிப்புக்கும் இதே சிக்கல்தான். ‘மழுங்கல்’ என்பதைக் கேட்டால் உயர் அதிர்வெண்கள் குறைந்து, மைக்கின்மேல் துணி மூடியதுபோல் வரும் ஒலி நினைவுக்கு வருகிறது. நம் கோளாறு அதற்கு நேர் எதிரானது. ‘முகடறுதல்’ நல்ல சொல். முகடு (அலையின் மேடு), அகடு (அலையின் பள்ளம்) இரண்டும் பள்ளி இயற்பியல் பாடத்திலேயே இருப்பவை. ஆனால் கம்பி அறுந்தது, இணைப்பு அறுந்தது என்று நாள்தோறும் சொல்லும் ஒலிப்பதிவாளரின் வாயில், ‘அறுதல்’ ஒலி நின்றுபோனதைத்தான் முதலில் குறிக்கும்.

என் பரிந்துரை ‘தலைதட்டல்’. படியில் அரிசி அளக்கும்போது விளிம்புக்கு மேல் குவிந்து நிற்பதைக் கையால் வழித்துவிடுவதைத் தலைதட்டி அளப்பது என்கிறோம். கொள்கலனுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் வந்தது போயிற்று, மேற்பரப்பு தட்டையாயிற்று என்ற மூன்றும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கின்றன. அலைவடிவத்தின் படத்தைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

இதற்கு இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். அளப்பவர் தெரிந்தே தட்டுகிறார், இதுவோ தானாக நேர்வது என்பது முதலாவது. ‘நிலைப்படியில் தலை தட்டியது’ என்று தன்வினையாகவும் இதே சொல்லைத்தான் ஆள்கிறோம் என்பதால், ‘பெரியம்மாவின் குரல் தலைதட்டியிருக்கிறது’ என்று எழுதத் தடையில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது: அகடும் தட்டையாகிறதே, படிக்கு மேல்வாய் ஒன்றுதானே? இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். தமிழில் தலை என்பது உச்சியை மட்டும் குறிப்பதில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்கையில் இரு முனைகளையும் தலை என்றே சொல்கிறோம். அந்தப் பொருளில் அலைக்கும் இரண்டு தலைகள் உண்டு.

பழுது பார்ப்பவருக்கு இந்தச் சொல்லோடு அடைமொழியும் வேண்டும். தட்டை கோப்பின் உச்ச எல்லையிலேயே நின்றால் அது எண்ணாக்கத் தலைதட்டல். எல்லைக்குக் கீழே, எடுத்துக்காட்டாக அந்த எல்லையை 0 என்று கொண்டு −6 டெசிபலில் தட்டை தெரிந்தால், மைக்கின் முன்பெருக்கியோ அதற்கடுத்த ஏதோ ஒரு கருவியோ முன்பே தட்டியிருக்கலாம், பிறகு யாரோ அளவைக் குறைத்தும் இருக்கலாம். மிகப் பெரிய எண்களையும் எழுத இடம் தரும் 32 பிட் மிதவைப்புள்ளிக் கோப்பில் பதிவு செய்தாலும், கருவியிலேயே நேரும் இந்த இரண்டாம் வகையிலிருந்து தப்ப முடியாது.

‘ஹெட்ரூம்’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘தலையறை’ எனக்கு உவப்பாக இல்லை; கன்னத்தில் அறைவதுபோல் ஒலிக்கிறது. உச்ச எல்லைக்குக் கீழே நாம் விட்டுவைக்கும் இடம் என்பதால் ‘விளிம்பிடம்’ என்று வைக்கலாமா? ‘12 டெசிபல் விளிம்பிடம் விட்டுப் பதிவு செய்யவும்’ என்று கையேட்டில் எழுதிப் பார்த்தேன், தடங்கலின்றி வருகிறது. கொத்து என்னும் அளவையால் அளந்து பழகிய யாழ்ப்பாணத்து நண்பர்கள், தலைதட்டுவதற்கு அங்கே வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள்.

அன்புடன்.