பெரிய போர் (bore, குழாயின் உள்விட்டம்) உள்ள டிரம்பெட்டில் மேல்ஸ்தாயி நிற்கவில்லை, உதவுங்கள்

பாளையங்கோட்டையில் சர்ச் பேண்டில் ஆறு வருடமாக வாசிக்கிறேன். இதுவரை கையில் இருந்தது யமஹா ஒய்டிஆர்-2330, போர் 11.65 மி.மீ. மூன்று வாரம் முன்பு பழைய பி பிளாட் டிரம்பெட் ஒன்றை வாங்கினேன். பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. இரண்டாம் வால்வு ஸ்லைடின் (இழுத்து நீட்டும் குழாய்) உட்குழாயை வெர்னியரில் அளந்தேன்: போர் 11.75 மி.மீ.

கீழ்ஸ்தாயி அவ்வளவு அழகு. கீழ் சி-யைப் பிடித்தால் மரப்பெஞ்சு அதிர்கிறது, அந்த நாதத்துக்காகவே இதை விட மனசில்லை. ஆனால் ஸ்டாஃபுக்கு (இசைக்குறிப்பின் ஐந்து கோடுகள்) மேலே உட்காரும் ஜி-யைத் தாண்டினால் சுரம் மெலிந்து நழுவுகிறது. மெதுவாகத் தொடங்கினால் முதலில் காற்றுதான் வருகிறது, அப்புறம்தான் ஒலி. இருபது நிமிடத்தில் உதடு ஓய்ந்துவிடுகிறது. யமஹாவில் ஒரு மணி நேரம் தாங்கும்.

மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் முனை) இரண்டுக்கும் அதே பாக் 7சி மாடல்தான். வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவி, லீட்பைப்பில் (மவுத்பீஸ் செருகும் முதல் குழாய்) பிரஷ் விட்டேன். வால்வு ஆயில் மாற்றினேன். தண்ணீர்ச் சாவியின் (உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் மூடி) கார்க் புதிது. வால்வை அழுத்தாமல் ஸ்லைடை இழுத்து, பிறகு அழுத்தினால் மூன்றிலும் ‘பொக்’ என்று சத்தம் வருகிறது, அதனால் காற்றுக் கசிவு இருப்பதாகத் தெரியவில்லை. தினமும் அரை மணி லாங் டோனும் (ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி) செய்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது: மவுத்பீஸ் யமஹாவில் போவதைவிட இதில் சுமார் 3 மி.மீ. கூடுதலாக உள்ளே போகிறது.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு இதில்தான் வாசிக்க ஆசை. இந்த 0.1 மி.மீ. போர் வித்தியாசமே இவ்வளவு செய்யுமா, இல்லை மவுத்பீஸ் பொருந்தும் இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டுமா?