விடியற்காலையில் மீன் வாய் திறந்து திணறியதைப் பார்த்தவர்கள் உண்டா?

கெப்போங்காரன்:
இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மழை இல்லாத மூன்றாவது வாரம், காலை ஆறரை. எங்கள் தாமான் (குடியிருப்பு) லம்பக்குட்டையில், அதாவது பழைய ஈயச் சுரங்கக் குட்டையில், திலாப்பியா எல்லாம் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாயும் ஐம்பது காசு அளவுக்குத் திறந்து மூடுகிறது. ‘சப் சப்’ சத்தம் கரைவரை கேட்டது. பதினோரு மணிக்கு ஒரு பல்கலைக்கழக மாணவி கருவியோடு வந்தார். ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்றார். இருக்கத்தானே செய்யும்! வெயிலில் மண்டிய பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். பகலில் வந்து மேல்தண்ணீரை மட்டும் எடுத்தால் அந்த ஆறரை மணி யார் கணக்கிலும் வராது.

செந்தூல்வாசி:
அண்ணே, எல்லாவற்றையும் வெயில் மேல் போடாதீர்கள். எங்கள் பக்கத்துக் குளத்தில் மீன் செத்தது வெயிலுக்குப் பிறகு கொட்டிய மழையில்தான். லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) வாரக்கணக்காகத் தேங்கியது ஒரே மாலையில் உள்ளே வந்தது. சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் படலம். இதைப் பருவநிலை மாற்றம் என்றால் கழிவை விட்டவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

செராஸ் டீச்சர்:
தம்பி, இரண்டையும் பிரிக்க முடியாது. 2016-இல் எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் வறட்சி தரும் நிலை) வெயிலில் பச்சைப் பெயின்ட் ஊற்றினாற்போல் ஒரு குளத்தைப் பார்த்தேன், என் கதை அவ்வளவுதான். ஆனால் 20 பாகை நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். அந்தக் குளத்தில் கழிவும் விழுந்தால் தாங்குமா? எவ்வளவு வெப்பத்தால், எவ்வளவு கழிவால் என்று பிரித்துச் சொல்ல நீண்டகாலப் பதிவு வேண்டும். குளிர்நாட்டு ஏரிகளுக்குப் பல பத்தாண்டுப் பதிவுகள் உண்டு, வெப்பநாட்டு ஏரிகளுக்குச் சொற்பம். நம் மலேசிய நீர்த்தரக் குறியீட்டின் ஆறு அளவுகளில் பாசியை வளர்க்கும் பாஸ்பரஸ் கிடையாது. அதனால் மேல்தண்ணீர், அடித்தண்ணீர் வெப்பத்தை நீங்களே பதிவு செய்யுங்கள். பாட்டிலில் கல் கட்டி, தக்கையிலும் ஒரு நூல் கட்டுங்கள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. பலகைத்துறையில் நின்று இறக்கி, நூலை இழுத்து நிரப்பி, தூக்கிய உடனே வெப்பமானியை விடுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். மணியை எழுத மறக்காதீர்கள்.

கெப்போங்காரன்:
இன்று ஆறேகாலுக்குப் போனேன் டீச்சர். மேலே 29, மூன்றாம் முடிச்சில் 28. கீழிருந்து வந்த தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகும் எடுக்கவா?