போர் தண்ணீரில் ஷேவிங் பிரஷ் விறைத்துப்போகிறது, முடியும் உதிர்கிறது: சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி: மேடவாக்கம் வாசி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இருந்தவரை சிறுவாணித் தண்ணீரில், பன்றி முடியாலான ஷேவிங் பிரஷ் ஒன்றை எந்தத் தொல்லையும் இல்லாமல் பயன்படுத்தி வந்தேன். வேலை மாற்றலாகிச் சென்னைக்குக் குடிவந்த பிறகு, பிரஷ்ஷும் கிரீமும் அவையே என்றாலும் நுரை முன்போல் எழுவதில்லை. எழுந்தாலும் ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் காய்ந்து மறைந்துவிடுகிறது. முடிக்கொத்தின் நுனி மென்மையாகவே இருக்கிறது; அடிப்பகுதிதான் விறைத்துக் கட்டையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சில முடிகள் முகத்தில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. காய்ந்த பிறகும் லேசான முடைநாற்றம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் குளியலறைக் குழாயில் வருவது போர் தண்ணீர். குடிப்பதற்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

பிரஷ்ஷின் ஆயுள் முடிந்துவிட்டதா, அல்லது மீட்க முடியுமா? கொதிக்கும் நீரில் போட்டு எடுக்கும்படி ஒரு நண்பர் சொல்கிறார்; வினிகரில் இரவு முழுவதும் ஊறவைக்கும்படி இன்னொருவர் சொல்கிறார். இரண்டையும் செய்யத் தயக்கமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பதில் 1: சோப்புக்கட்டி

இரண்டையும் செய்ய வேண்டாம். கொதிநீர் முடியையும் கெடுக்கும், முடிக்கொத்தைக் கைப்பிடிக்குள் பிடித்திருக்கும் எபாக்சிப் பசையையும் இளக்கும். வினிகர் சரியான மருந்துதான். ஆனால் நீர் கலக்காத வினிகரில் இரவு முழுவதும் என்பது அளவு மீறியது.

முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். உதிர்ந்த முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பிரஷ்ஷில் இருக்கும் முடியின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கைப்பிடிக்கு வெளியே தெரியும் நீளத்தைவிடச் சற்று அதிகமாக, அடியோடு வந்திருந்தால் பசை விட்டுவிட்டது என்று பொருள். அதைவிடக் குட்டையாக இருந்தால் முடி இடையில் ஒடிகிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். புது பிரஷ்ஷில் முதல் சில நாட்கள் ஒட்டாத முடிகள் கழன்று வருவது இயல்பு. உங்களுடையது பழையது என்பதால் அந்தச் சமாதானம் செல்லாது.

பதில் 2: உப்புத்தண்ணீர்க்காரர்

நீங்கள் சொன்ன அறிகுறிகள் எல்லாம் தண்ணீரையே சுட்டுகின்றன. ஷேவிங் கிரீம், ஷேவிங் சோப் இரண்டும் பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பொட்டாசியம், சோடியம் காரங்களோடு சேர்த்துச் செய்யப்படும் உண்மையான சோப்புகள். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தச் சோப்போடு வினைபுரிந்து, நீரில் கரையாத வெண்ணிறப் பிசுக்காக மாறிவிடுகின்றன. நீங்கள் எடுக்கும் கிரீமில் ஒரு பங்கு நுரையாவதற்கு முன்பே இப்படி வீணாகிறது. நுரை சீக்கிரம் மறைவதற்கு முதற்காரணம் இதுவே. அந்தப் பிசுக்கு, அலசும்போது நீர் எளிதில் புகாத முடிக்கொத்தின் அடியில் போய்த் தங்கி, நாளடைவில் முடிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. அடி விறைத்த பிறகு, முடி வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் அந்தக் கட்டியின் விளிம்பில் மடங்குவதால், தினமும் அதே இடத்தில் மடங்கி மடங்கி ஒடிகிறது.

டி.டி.எஸ். மீட்டரில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டுமே தவிர, கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. மீட்டர் இல்லாமலே ஓரளவு அறியலாம்: ஒரு பாட்டிலில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி கேன் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் சமமாகக் கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். கடின நீர் பால்போலக் கலங்கி, மேலே திரித்திரியாக மிதக்கும். நுரை பேருக்குத்தான் இருக்கும்.

இனிச் சுத்தம் செய்யும் முறை. கை பொறுக்கும் சூட்டில் உள்ள கேன் தண்ணீர் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் சேர்த்து, முடி மட்டும் நனையும்படி பிரஷ்ஷை ஐந்து நிமிடம் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கைப்பிடி மரமாக இருந்தால் அது நீரில் படவே கூடாது. மரம் ஊறிக் காயும்போது வெடிக்கும். வினிகர் கால்சியத்தைக் கரைத்துப் பிரித்துவிடும். ஆனால் சோப்பின் கொழுப்பு அமிலம் முடியிலேயே எஞ்சி நிற்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வினிகருக்குப் பிறகு பிரஷ் பிசுபிசுவென்று இருப்பதைப் பார்த்து, வினிகர் பயன்படவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் இங்கே நிறைய உண்டு. அதனால் உடனே பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல்களால் அடிமுடியைப் பிரித்துப் பிசைந்து கழுவ வேண்டும். அது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட்; கடின நீரிலும் பிசுக்காக மாறாது. ஒரே முறையில் தீராவிட்டால் இரண்டு நாள் விட்டு மறுபடி செய்யலாமே தவிர, வினிகரின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

மேடவாக்கம் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. உதிர்ந்த முடிகள் எல்லாம் குட்டையாகவே இருக்கின்றன. ஒடிந்த முனை கூராக இல்லாமல் மடங்கி நைந்திருக்கிறது. முடிக்கொத்தை நடுவே பிரித்துப் பார்த்தபோது, கைப்பிடியை ஒட்டி மெழுகுபோல் மஞ்சள் கலந்த வெள்ளைப் படிவு இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் அப்பிக்கொள்கிறது. வினிகரும் பாத்திரத் திரவமும் கொண்டு கழுவியதும் அடிப்பகுதி கண்கூடாக இளகியது. நாற்றம் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. பிரஷ்ஷைத் தலைகீழாகத் தொங்கவிடும் தாங்கி ஒன்று வாங்கினால் நாற்றம் போகுமா?

பதில் 3: பழைய ரேசர்

தாங்கி வாங்குவது உங்கள் விருப்பம். நாற்றத்துக்கு அது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். அடியில் நெருங்கிக் கிடக்கும் முடிகளுக்கிடையே நிற்கும் நீர், நுண்குழாய் விசையால் பிடிபட்டிருப்பது. தலைகீழாக்கினாலும் அதில் பெரும்பங்கு அங்கேயே நிற்கும். பிரஷ்ஷை உலர்த்துவது காற்றோட்டம்தான். நன்றாக அலசி, உதறி, பருத்தித் துண்டில் முடியின் போக்கிலேயே மெல்லத் துடைத்து, குளியலறைக்கு வெளியே ஜன்னலோரம் நிழலில் நிமிர்த்தி வையுங்கள். சென்னையின் மழைக்காலத்தில், கதவு மூடிய குளியலறையில் பூஞ்சை பிடிக்காமலிருந்தால்தான் வியப்பு. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவதும், பயணத்தில் நெகிழிப் பையில் சுருட்டி வைப்பதும் இதைவிடக் கெடுதல்.

மிச்சமிருக்கும் நாற்றத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெண்காரம் (போராக்ஸ்) ஒரு தேக்கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் கரைத்து, அதில் முடியைச் சிறிது நேரம் ஆட்டி, நன்றாக அலசிவிடுங்கள். வெண்காரத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முடியில் கரும்புள்ளிகள் தெரிந்தால் மட்டும் அந்த பிரஷ்ஷை முகத்தில் வைக்காதீர்கள்.

முந்தைய பதிலில் விடுபட்ட ஒன்று: முடி ஒடிவதில் கைக்கும் பங்கு உண்டு. பிரஷ்ஷை முகத்தில் செங்குத்தாக அழுத்திச் சுழற்றினால் முடிகள் அடிவரை விரிந்து, நடுவே குழி விழும். நுனி மட்டும் படும்படி, சுவருக்கு வண்ணம் அடிப்பதுபோல் இப்படியும் அப்படியும் தடவினாலே போதும். மேலும், பன்றி முடி நீரை உறிஞ்சி இளகும் தன்மையுடையது. ஆகவே மழிப்பதற்கு முன் சில நிமிடங்கள் நல்ல நீரில் ஊறவைப்பது இதற்கு இன்றியமையாதது. பேட்ஜர் என்ற விலங்கின் முடியாலான பிரஷ்ஷுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். செயற்கை இழைக்கு நனைத்தாலே போதும்.

பதில் 4: உப்புத்தண்ணீர்க்காரர்

பழைய ரேசர் சொன்னதோடு உடன்படுகிறேன், தாங்கியைப் பற்றியும். தினசரி நடைமுறைக்கு ஒன்று சேர்க்கிறேன்: ஒரு மழிப்புக்கு வேண்டிய நீர் ஒரு குவளைகூட ஆகாது. ஊறவைக்கவும் நுரை எழுப்பவும் அந்தக் குவளைக் கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள். முகம் கழுவவும் ரேசரை அலசவும் குழாய்த் தண்ணீர் போதும். பிரஷ்ஷை மட்டும் குழாயில் அலசிய பிறகு, கடைசியாக மீதமுள்ள நல்ல நீரில் ஒருமுறை முக்கி உதறிவிடுங்கள். இதைக் கடைப்பிடித்தால் வினிகர்க் குளியல் மாதம் ஒருமுறை, அடி விறைப்பதாகத் தோன்றினால் மட்டும் போதும்.

ஏற்கெனவே நைந்துபோன முடிகள் இன்னும் சில வாரங்களுக்கு ஒடிந்து விழத்தான் செய்யும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். உதிர்வது அதன் பிறகும் குறையாமல், நீளமான முடிகளாக வரத் தொடங்கினால், அது பசையின் கோளாறு. அப்போது முடிக்கொத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கைப்பிடிக் குழியின் விட்டத்தை அளந்து இங்கே எழுதுங்கள்.