மறு: ஹைபர்னேட்: ஆழுறக்கமா, ஒடுக்கமா?

அனைவருக்கும் வணக்கம். கணினியை நிறுத்தும் மெனுவில் வரும் ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன் என்ற பொத்தான்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல் உரையாடலுக்கு என் பதில் இது. மேற்கோளாக இருப்பவை உங்கள் மடல்களிலிருந்து எடுத்தவை.

> ஸ்லீப்புக்கு 'உறக்கம்', ஹைபர்னேட்டுக்கு 'ஆழுறக்கம்'. இரண்டும் ஒரே குடும்பம், மனத்தில் எளிதாக நிற்கும். இத்துடன் முடித்துக்கொள்ளலாமே?

ஒரே குடும்பமாக இருப்பதுதான் எனக்கு உதைக்கிறது. நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைப்பது வழக்கம். 'உறக்கம்' கொடுத்த மேசைக்கணினிக்கு அப்படிச் செய்தால், சேமிக்காமல் விட்டது அத்தனையும் போச்சு. ஹைபர்னேட் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகாது. பிளக்கைப் பிடுங்கலாமா, கூடாதா? பயனருக்கு இந்த இரண்டு பொத்தான்களில் தெரிய வேண்டியது அவ்வளவுதான். 'ஆழுறக்கம்' என்று படிப்பவர், அதே உறக்கம்தான், கொஞ்சம் கூடுதல் என்றே எடுத்துக்கொள்வார்.

உறக்கத்தில் செயலி, வட்டு, விசிறி எல்லாம் நின்றுவிடும். நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். போயாக வேண்டும். நினைவகமாக இருக்கும் டிராம் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். ஹைபர்னேட்டிலோ, திறந்திருக்கும் வேலையெல்லாம் நினைவகத்திலிருந்து வட்டுக்கு எழுதப்பட்ட பிறகு கணினி உண்மையிலேயே அணைந்துவிடுகிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து கணினியின் மின்சார நிலைகளுக்காக 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ வரையறையில் முதலாவதற்கு எஸ்3, இரண்டாவதற்கு எஸ்4 என்று பெயர்.

'ஆழ்' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லினக்ஸில் உறக்க வகைகளைக் காட்டும் 'மெம்_ஸ்லீப்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். பல கணினிகளில் 'எஸ்2ஐடில்', 'டீப்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். 'ஆழ்ந்த' என்று பொருள்படும் அந்த 'டீப்' எஸ்3ஐக் குறிக்கிறது, அதாவது சாதாரண உறக்கத்தை. கையேட்டை மொழிபெயர்க்கப் போகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

> 'குளிர்கால உறக்கம்' உயிரியலில் ஏற்கெனவே இருக்கிறதே?

உயிரியலில் இருக்கட்டும். பொத்தானில் எழுத நீளம் அதிகம். தவிர, நம்மூர்க் கரடி குளிர்காலத்தில் தூங்குவதும் இல்லை.

என் முன்மொழிவு: உறங்கு, ஒடுங்கு, அணை. பரவிக் கிடப்பது உள்ளே சுருங்கி அடங்குவதைத்தான் ஒடுங்குதல் என்கிறோம். நினைவகத்தில் விரிந்து கிடந்த சாளரங்களும் நிரல்களும் வட்டுக்குள் போய் அடங்குவதற்கு இது சரியாக உட்காருகிறது. சொல் நன்றாக இருக்கிறதா என்பதை வாக்கியத்தில் போட்டுத்தானே பார்க்க வேண்டும்:

'கணினி ஒடுங்குகிறது…'
'ஒடுக்கத்திலிருந்து மீள்கிறது…'
'ஒடுங்குவதற்கு ஸ்வாப் போதவில்லை.'

கடைசிச் செய்தி லினக்ஸ்காரர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் (ஸ்வாப் என்பது நினைவகத்தில் இருப்பதை எழுதிவைக்க வட்டில் ஒதுக்கும் இடம்). ஷட் டவுனுக்குச் சிலர் எழுதும் 'பணிநிறுத்தம்' மட்டும் வேண்டவே வேண்டாம். கணினி கொடி பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

> 'ஒடுக்கம்' வேதியியலில் ரிடக்ஷனுக்குப் போய்விட்டது. 'ஒடுக்குமுறை' வாடையும் அடிக்கிறது.

முதலாவது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சரி. இலங்கையில் அதைத் 'தாழ்த்தல்' என்பார்கள். எப்படியிருந்தாலும் துறை வேறு. 'அலகு' பறவைக்கும் இருக்கிறது, இயற்பியலுக்கும் இருக்கிறது, யாரும் குழம்பியதில்லை. இரண்டாவது நியாயமான எச்சரிக்கை. வாடை அடிப்பது 'ஒடுக்கு' என்ற பிறவினையில்தான். எனவே எங்கும் 'கணினியை ஒடுக்கு' என்று எழுதாமல், 'ஒடுங்கு' என்ற தன்வினையையே பிடித்துக்கொள்வோம்.

> யாரும் தொடாத பொத்தானுக்கு இவ்வளவு சண்டையா?

தொடாததற்குப் பாதிக் காரணம், அது கண்ணில் படாததுதான். விண்டோஸில் பல கணினிகளில் கண்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து டிக் போட்டால்தான் ஹைபர்னேட் மெனுவுக்கு வரும். உபுண்டு 12.04இல் அதை இயல்பாகக் காட்டுவதை நிறுத்தினார்கள்.

மிச்சமாகும் மின்சாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா ஓடும் மேசைக்கணினி 50 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 10 மணி நேரம் விட்டால் அரை யூனிட். கரண்ட் பில் வரும் இரண்டு மாதத்துக்கு, 60 இரவு என்றால், 30 யூனிட். உறங்க வைத்தால், 2 வாட் என்று கொண்டாலும், ஒன்றே கால் யூனிட்டைத் தாண்டாது. ஒடுங்கினால் அதுவும் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்துவிடலாம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற நிலையில் 30 யூனிட் சின்ன விஷயமில்லை. ஸ்க்ரீன் சேவர் ஓடட்டும், அதுவும் சிக்கனம்தானே என்று போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அது பழைய குழாய்த் திரைகளில் படத்தின் தடம் பதியாமல் காக்க வந்தது. படம் ஓடும்வரை திரையும் எரியத்தான் செய்யும்.

இப்போது எனக்கே விடை தெரியாத இடம். விண்டோஸ் 8இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வந்தது. ஷட் டவுன் கொடுத்தால் பயனரின் நிரல்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னலை மட்டும் வட்டில் எழுதிவைத்து அணைகிறது. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்: லினக்ஸுக்குள் வந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால், ஹைபர்னேட் ஆகியிருக்கிறது, படிக்க மட்டும்தான் விடுவேன் என்று மல்லுக்கட்டும். அணைத்ததாக நினைத்தது பாதி ஒடுங்கிக் கிடக்கிறது. இதற்குத் தனிச்சொல் வேண்டுமா, 'விரைவுத் தொடக்கம்' என்றே விட்டுவிடலாமா?

'ஹைப்ரிட் ஸ்லீப்' பற்றியும் சொல்லுங்கள். வட்டிலும் எழுதிக்கொண்டு, நினைவகத்துக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டு உறங்குவது அது. 'கலப்புறக்கம்' எனக்குப் பிடிக்கவில்லை. 'பதிந்து உறங்கு' என்று நீட்டியே எழுதலாம் என்று தோன்றுகிறது. இந்த ஞாயிறுவரை வரும் மறுப்புகளைப் பார்த்துவிட்டு, உறங்கு, ஒடுங்கு, அணை என்ற மூன்று சொற்களை மட்டும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றுகிறேன்.