'குட்டா' என்றால் எந்தக் கறி?

லூதியானாக்காரன்: "சீக்கியம் முழுக்க சைவ உணவு மதம், பொற்கோயில் லங்கரில் (இலவசப் பொதுப் பந்தியில்) கறி போடாததே சாட்சி" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. 22 வருடமாக லூதியானாவில் இருக்கிறேன். எங்கள் தெருமுனைக் கறிக்கடைப் பலகையில் 'ஜட்கா' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நம் ஊர்க் குதிரை வண்டி இல்லை, ஒரே வெட்டில் தலையைத் துண்டாக்குவதற்கு அங்கே அதுதான் பெயர். கடைக்காரர் தலைப்பாகை கட்டிய சர்தார். லங்கரில் பருப்பு, ரொட்டி என்று சைவம் மட்டும் போடுவது, எந்த மதத்துக்காரர் வந்தாலும் தயங்காமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்பதற்காக. குருத்வாராக்களை நிர்வகிக்கிற சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்ற ஒழுக்க நெறியில் பெரிய விலக்குகள் நான்கு: முடியை வெட்டுவது, 'குட்டா' உண்பது, பிறர் துணையோடு உறவு, புகையிலை. கறியே கூடாது என்றால் 'கறி' என்று எழுதியிருப்பார்களே, ஏன் 'குட்டா' என்று எழுதினார்கள்?

தில்லி மணிமேகலை: கடைப்பலகையைக் கிரந்தம் ஆக்காதீர்கள் சார். திலக் நகரில் எங்கள் கீழ்வீட்டுக் குடும்பம் அம்ருத் எடுத்தவர்கள், அதாவது சீக்கிய தீட்சை பெற்றவர்கள். முட்டையைக்கூடத் தொட மாட்டார்கள். அகண்ட கீர்த்தனி ஜதா என்கிற சீக்கியப் பிரிவின் வழி. 'குட்டா' என்றால் 'கொல்லப்பட்டது', அவ்வளவுதான் என்று அந்தப் பாட்டி சொல்வார். சீக்கிய வேத நூலான குரு கிரந்தத்தின் 471ஆம் பக்கத்தில், ஆசா தி வார் பாடலில், 'குஹி பக்ரா' என்று வருகிறது. ஆட்டைக் கொன்று என்று பொருள். அந்த வினையிலிருந்து வந்ததுதான் குட்டா. எப்படிக் கொன்றாலும் குட்டாதான்.

லூதியானாக்காரன்: 471 வரை புரட்டியவர் அடுத்த பக்கத்தையும் புரட்டியிருக்கலாம். 472இல் குரு நானக் 'அபாகியா கா குட்டா பக்ரா' என்கிறார். அந்நிய மொழியில் ஓதி அறுத்த ஆட்டைத் தின்றுவிட்டு, தன் சமையல்கட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று கோடு கிழிப்பவர்களைச் சாடுகிற இடம் அது. குட்டாவுக்கு முன்னால் 'அபாகியா', அதாவது அந்நிய மொழியில் 'ஓதி', என்கிற அடைமொழி நிற்கிறது. 1930இல் வந்த மகான் கோஷ் அகராதியில் கான் சிங் நாபாவும் முஸ்லிம் முறையில் அறுத்த கறி என்றே பொருள் தருகிறார்.

தில்லி மணிமேகலை: நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். குட்டா என்றாலே ஓதி அறுத்தது என்றால், 'ஓதி' என்று தனியாக எதற்கு ஒரு அடைமொழி? தேவையே இல்லையே! அப்புறம், 1350ஆம் பக்கத்தில் கபீர் கேட்கிறாரே, எல்லாரிலும் ஒரே இறைவன் என்கிறாய், பிறகு கோழியை ஏன் கொல்கிறாய் என்று. அது கிரந்தத்தில் இல்லையா?

லூதியானாக்காரன்: இருக்கிறது. முல்லாவைப் பார்த்துக் கேட்கிறார். யாரிடம் சொன்னது என்பதை விட்டுவிட்டு வரியை மட்டும் உருவினால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். 472க்கு வாருங்கள்.

நாகூரான்: சார், இரண்டு பேரும் சண்டை போடுங்கள், ஆனால் எங்களை ஏன் நடுவில் நிறுத்துகிறீர்கள்? ஜட்கா பற்றிப் பேச்சு வந்தாலே ஹலால் சித்திரவதை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். போன மாதமும் இதே லூதியானாக்காரர் அப்படித்தான் எழுதினார், நான் மறக்கவில்லை. கத்தி கூராக இருக்க வேண்டும், பிராணியின் கண் முன்னால் தீட்டக் கூடாது, குரல்வளையும் இரத்தக் குழாயும் சட்டென்று அறுபட வேண்டும். இதெல்லாம் அது வேதனைப்படக் கூடாது என்பதற்கான விதிகள்.

லூதியானாக்காரன்: பாய், இந்தத் திரியில் நான் வேதனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே போய்ப் படியுங்கள். சீக்கியர் மறுப்பது சடங்கை. ஆண்டவன் பெயரைச் சொல்லி அறுத்தால் கறி புனிதமாகிவிடும் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. ஆட்சியில் இருந்தவர்கள் திணித்த முறை என்கிற மானப் பிரச்சினையும் அதில் உண்டு.

நாகூரான்: அப்படியானால் நாந்தேடு ஹஜூர் சாகிப் குருத்வாராவில் தசராவுக்கு ஆடு வெட்டுகிறார்களே, நிஹாங்குகள் என்கிற சீக்கியப் போர்வீரப் பிரிவினர் அந்தக் கறியை 'மகாபிரசாத்' என்கிறார்களே, அது சடங்கு இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தில்லி மணிமேகலை: நல்ல கேள்வி.

லூதியானாக்காரன்: அது நிஹாங்குகளின் போர்மரபு. எல்லாக் குருத்வாராவிலும் நடப்பதில்லை. மணிமேகலை அம்மாவுக்கு நாகூர்க்காரர் திடீரென்று நண்பராகிவிட்டார் போலிருக்கிறது. போன வாரம்தான் பிரியாணித் திரியில் இருவரும் அடித்துக்கொண்டீர்கள்.

புதியவன்: ஒரு சந்தேகம். நீங்கள் யாரைச் 'சீக்கியர்' என்கிறீர்கள்? அம்ருத் எடுத்தவர்களை மட்டுமா, எல்லாரையுமா? நாம்தாரிப் பிரிவினர் சைவம், தம்தமி தக்சால் அமைப்பினரும் அப்படித்தான். முதலில் அதைத் தீர்மானித்துக்கொண்டு பேசலாமே.

தில்லி மணிமேகலை: பிரியாணித் திரியை இங்கே இழுக்க வேண்டாம். நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. 'ஓதி' எதற்கு?

லூதியானாக்காரன்: நான் கேட்டதற்கும்தான் வரவில்லை. கொன்றதெல்லாம் குட்டா என்றால் மீனும் குட்டாதானே? அமிர்தசரஸில் கடலைமாவும் ஓமமும் பூசிப் பொரிக்கிற மீனைச் சாப்பிடுகிற சர்தார்கள் எல்லாம் மதம் கெட்டவர்களா?

தில்லி மணிமேகலை: சாப்பிடுகிறார்கள் என்பது சரி என்பதற்கு ஆதாரமா? குடிக்கிற சர்தாரும் உண்டு, அதனால் மது அனுமதி என்பீர்களா? மீனைப் பற்றியும் கபீர் 1377ஆம் பக்கத்தில் கண்டித்துச் சொல்லியிருக்கிறார், கஞ்சா, மீன், மது மூன்றையும் சேர்த்து.

நாகூரான்: மீனுக்கு எங்களிடம் அறுப்பே தேவையில்லை. மீனை விட்டுவிட்டு நாந்தேடுக்கு வாருங்கள்.

லூதியானாக்காரன்: 1980இல் சீக்கியரின் தலைமைப் பீடமான அகால் தக்திலிருந்தே விளக்கம் வந்துவிட்டது, கறி உண்பது நெறிமீறல் இல்லை, ஜட்காவாக இருக்க வேண்டும் என்று. அம்ருத் எடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான். அதற்குமேல் திலக் நகர்ப் பாட்டி பெரியவரா?

தில்லி மணிமேகலை: அந்தப் பாட்டி விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து வழிபாட்டுப் பாடல்களை ஓதுகிறவர். முகம் தெரியாத நீங்கள் அவரை இப்படிப் பேசுவது எனக்கு வலிக்கிறது. குரு நானக்கே 1289ஆம் பக்கத்தில் சொல்கிறார்: கறி கறி என்று மூடன்தான் சண்டை போடுவான்.

லூதியானாக்காரன்: அதே பாட்டில் அடுத்து என்ன கேட்கிறார்? எது கறி, எது கீரை, எதில் பாவம் இருக்கிறது என்று! அது என் பக்கம் நிற்கிற பாட்டு அம்மா. பாட்டியை நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவரிடமே கேளுங்கள், 472இல் 'அபாகியா' எதற்கு என்று. நான் இங்கேதான் இருப்பேன்.

தில்லி மணிமேகலை: கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். 'ஓதி' என்று தனியாகச் சொன்னதே, குட்டா என்றால் வெறும் கொலை என்பதால்தானாம்.

லூதியானாக்காரன்: 472ஐ முழுதாகப் படித்துக் காட்டினீர்களா, அந்தச் சொல்லை மட்டும் கேட்டீர்களா?

நாகூரான்: நாந்தேடு?